கைகுலுக்கி வழியனுப்பும் பள்ளி: அமெரிக்காவின் எப்பிஸ்கோப்பல் ‘பிரெப்’ பள்ளிகளைப் புரிந்துகொள்ள

இரவுப் படிப்பு முடிந்ததும் பையன்கள் வரிசையாக நிற்பார்கள். தலைமையாசிரியரும் அவர் மனைவியும் ஒவ்வொரு பையனின் கையையும் பிடித்துக் குலுக்கி, பேர் சொல்லி, ‘குட் நைட்’ சொல்லி அனுப்புவார்கள். அன்று பகலில் திட்டு வாங்கியவனும் அந்த வரிசையில் நிற்பான். அவனைத் திட்டியவர் அந்தத் தலைமையாசிரியராகவே இருக்கலாம். ஆனாலும் அந்தக் கையைப் பிடிக்காமல், அந்த முகத்தைப் பார்க்காமல் யாரும் படுக்கப் போக முடியாது.

இது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கிராட்டன் பள்ளியின் வழக்கம். 1884-இல் அந்தப் பள்ளியைத் தொடங்கிய எண்டிகாட் பீபடி, 1940 வரை ஐம்பத்தாறு ஆண்டுகள் அதன் தலைமையாசிரியராக இருந்தார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1896 முதல் 1900 வரை அங்கே படித்தவர். அந்த வரிசையில் தினமும் நின்றவர்.

‘எப்பிஸ்கோப்பல் காலேஜ் பிரெபரேட்டரி ஸ்கூல்’ என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் இந்தக் கைகுலுக்கலிலிருந்துதான் தொடங்குவேன். பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் இரண்டு எண்ணம் வரும்: சர்ச் நடத்தும் பள்ளி, அதனால் மதம் கற்பிப்பார்கள், கல்லூரிக்குத் தயார் செய்யும் பள்ளி, அதனால் கோச்சிங் கொடுப்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்தப் பள்ளிகளின் கல்விக் கொள்கையைப் பாடத்திட்டத்தில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி பாதி அவர்களுடைய அன்றாடத்தில் இருக்கிறது: எத்தனை மணிக்கு எழுகிறார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் தட்டு கழுவுகிறார்கள், தூங்கப் போகுமுன் யார் கையைப் பிடிக்கிறார்கள் என்பதில்.

பெயருக்குள் இருப்பவை

முதலில் ‘எப்பிஸ்கோப்பல்’. ‘எப்பிஸ்கோப்போஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு, மேலிருந்து கவனித்துக்கொள்பவர் என்று பொருள். நம் தமிழ் வேதாகமம் அதைக் ‘கண்காணி’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் முதல் வசனத்திலேயே ‘கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும்’ என்று வரும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் ‘கங்காணி’யும் இதே சொல்தான், பொருள்தான் வேறு பக்கம் போய்விட்டது. சபை வழக்கில் எப்பிஸ்கோப்போஸ் என்பவர் பேராயர். பேராயர்களின் வழிநடத்துதலில் இயங்கும் சபை எப்பிஸ்கோப்பல் சபை.

அமெரிக்காவில் இந்தச் சபை இங்கிலாந்துத் திருச்சபையின் கிளையாக வளர்ந்தது. சுதந்திரப் போருக்குப் பிறகு ஒரு சிக்கல். இங்கிலாந்தில் பேராயராக அபிஷேகம் பெற வேண்டுமானால் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். அந்த அரசரை எதிர்த்துப் போரிட்டு ஜெயித்த நாட்டுக்காரர் அதை எப்படிச் செய்வார்? சாமுவேல் சீபரி என்பவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்குப் போய், அங்குள்ள பேராயர்களிடம் 1784-இல் அபிஷேகம் பெற்றுத் திரும்பினார். 1789-இல் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபை தனக்கென ஓர் அமைப்பும் ஜெபப் புத்தகமும் வகுத்துக்கொண்டது. தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் ஒன்றுகூடி சி.எஸ்.ஐ. உருவானபோது, அதில் வந்து கலந்த ஓடைகளில் ஒன்று ஆங்கிலிக்கன் சபை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் மரபு. எப்பிஸ்கோப்பல் சபை அந்த ஓடையின் அமெரிக்கக் கிளை. உறவுமுறையில் சொன்னால் பங்காளி வீடு.

அடுத்து ‘பிரெப்’. இங்கிலாந்தில் ‘பிரெப் ஸ்கூல்’ என்றால் சின்னப் பிள்ளைகள் பள்ளி. பதின்மூன்று வயதில் பெரிய பள்ளிக்குப் போகத் தயார் செய்வது. அமெரிக்காவில் அதே பெயர், பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடத்திக் கல்லூரிக்கு அனுப்பும் தனியார் பள்ளியைக் குறிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பழைய கடிதங்கள், வாழ்க்கை வரலாறுகள் எதுவும் விளங்காது.

இன்னொன்று. எல்லா எப்பிஸ்கோப்பல் பள்ளிகளும் ஒரே மாதிரி இல்லை. ஒரு ஊரின் சர்ச்சோடு ஒட்டி, மழலையர் வகுப்பு மட்டும் நடத்துபவை உண்டு. நகரத்துப் பகல் பள்ளிகள் உண்டு. காடும் ஏரியும் சூழ, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகளும் உண்டு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் கடைசி வகையைப் பற்றியது. கொள்கை அங்கேதான் இருபத்துநான்கு மணி நேரமும் வேலை செய்கிறது.

தரங்கம்பாடி வழியாக ஒரு சுற்று

நியூயார்க்கின் டிரினிட்டி பள்ளி 1709-இல் தொடங்கியது. இங்கிலாந்தில் 1701-இல் ஏற்பட்ட எஸ்.பி.ஜி. என்ற நற்செய்திச் சங்கத்தின் ஆதரவில், ஏழைப் பிள்ளைகளுக்கான தர்மப் பள்ளியாகப் பிறந்தது. எஸ்.பி.ஜி. என்ற மூன்றெழுத்து தென்பாண்டிச் சீமையில் பழக்கமானது. இடையன்குடியில் உழைத்த கால்டுவெல் அந்தச் சங்கத்தின் மிஷனரிதான். நியூயார்க்கிலும் திருநெல்வேலியிலும் பள்ளிக்கூடம் கட்டியது ஒரே சங்கம்.

தங்கிப் படிக்கும் பள்ளியின் மரபுக்கு இன்னும் நெருக்கமான சரடு ஒன்று உண்டு. 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில், பிராங்கே என்பவர் அநாதை இல்லமும் பள்ளிகளும் நடத்திய அந்தப் பக்திச் சூழலில் படித்தவர் அவர். அதே ஹாலேயிலிருந்து 1742-இல் பென்சில்வேனியாவுக்குப் போனவர் ஹென்றி மெல்கியோர் மூலன்பர்க். அவருடைய கொள்ளுப்பேரன் வில்லியம் அகஸ்டஸ் மூலன்பர்க் எப்பிஸ்கோப்பல் சபையில் குருவானவர் ஆகி, 1828-இல் நியூயார்க்கை ஒட்டிய ஃபிளஷிங்கில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

அமெரிக்காவின் எப்பிஸ்கோப்பல் விடுதிப் பள்ளிகளுக்கு அவர்தான் மூத்தவர். பள்ளியை ஒரு குடும்பம் போல நடத்த வேண்டும். ஆசிரியர் பிள்ளைகளோடு வாழ வேண்டும். கிறிஸ்துமஸ், தபசு காலம், ஈஸ்டர் என்று திருச்சபைக் காலண்டரின் தாளத்திலேயே பள்ளியின் ஆண்டும் நகர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஒரு நாள் உணர்ச்சி பொங்க மனந்திரும்பச் செய்வதைவிட, தினசரிப் பழக்கத்தால் பிள்ளை மெல்ல மெல்ல வளர்வதை அவர் நம்பினார். அவரிடம் படித்த ஹென்றி கோய்ட், நியூ ஹாம்ப்ஷயரில் 1856-இல் தொடங்கிய செயின்ட் பால்ஸ் பள்ளியின் முதல் தலைமையாசிரியர் ஆனார். அந்தப் பள்ளி தன் தலைவரை ‘ரெக்டர்’ என்றே அழைத்தது, ஒரு சபைக் குருவை அழைப்பது போல.

பீபடி வந்த வழி வேறு. பதின்மூன்று வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்து போய், செல்ட்டனம் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். ரக்பி என்ற ஊரின் பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு பரப்பிய இலட்சியம் அப்போது அங்கே எங்கும் பேசப்பட்டது: உடல் உரம், விளையாட்டு மைதானம், ஒழுக்கம், ஜெபம் எல்லாம் ஒரே கட்டில். அமெரிக்கா திரும்பி இறையியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1882-இல் அரிசோனாவின் டூம்ஸ்டோன் என்ற சுரங்க ஊருக்கு ஊழியம் செய்யப் போனார். ‘ஓ.கே. கொரால்’ என்று புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை அங்கே நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சாராயக் கடைகள் நிறைந்த அந்த ஊரில் ஒரு சர்ச்சைக் கட்ட வைத்துவிட்டுத் திரும்பினார். அதன்பின் 1884-இல், பணக்கார வீட்டுப் பையன்களுக்குப் பொறுப்பைக் கற்றுக்கொடுக்கும் பள்ளியைத் தொடங்கினார். சுரங்கத் தொழிலாளிகளையும் வங்கி முதலாளிகளின் பிள்ளைகளையும் ஒரே நெஞ்சுறுதியோடு சந்தித்த மனிதர் என்பதாலேயே அவர்மேல் எனக்கு மரியாதை.

கிராட்டன் பள்ளியின் குறிக்கோள் வாசகம் இலத்தீனில் ‘குயி செர்வீரே எஸ்த் ரெக்னாரே’. யாருக்கு ஊழியம் செய்வதே அரசாள்வதாகுமோ அவருக்கு, என்று விரித்துப் பொருள் கொள்ளலாம். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் சமாதானத்துக்காகக் காலையில் சொல்லும் சிறு ஜெபத்தோடு சேர்ந்தது அது. தலைவனாகப் பிறந்தவன் என்று வீட்டில் சொல்லி வளர்த்த பிள்ளையிடம், தொண்டு செய்தால்தான் தலைமை என்று தினமும் சொல்வதற்கு அந்த வாசகம்.

ஏன் எல்லாரும் சாப்பலில் உட்கார வேண்டும்?

இனி மையத்துக்கு வருவோம். இந்தப் பள்ளிகளில் வாரத்தில் சில நாளாவது, சிலவற்றில் கிட்டத்தட்ட எல்லாக் காலையும், மொத்தப் பள்ளியும் சாப்பலில், அதாவது பள்ளிக்குள்ளேயே இருக்கும் ஆராதனைக் கூடத்தில், கூடும். அங்கே பாடல், வேதவாசிப்பு, ஜெபம், ஒரு சிற்றுரை எல்லாம் சேர்ந்து இருபது அல்லது முப்பது நிமிஷம். கிறிஸ்தவப் பிள்ளை, யூதப் பிள்ளை, இந்து, முஸ்லிம், எதையும் நம்பாத பிள்ளை என்று எல்லாரும் வர வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது கட்டாய மதபோதனை மாதிரித் தெரியும். உள்ளே இருக்கும் தர்க்கம் வேறு, அதைப் புரிந்துகொள்ள ஆங்கிலிக்கன் மரபின் ஒரு பழைய முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மதச் சண்டை உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் என்ன நம்புகிறார்கள் என்று துருவிப் பார்த்து, ஒத்துப்போகாதவரை வெளியே தள்ளினால் நாட்டில் ஆளே மிஞ்சாது. அந்தச் சபை மெல்ல ஒரு வழியில் நிலைத்தது: எல்லாரும் ஒரே ஜெபப் புத்தகத்தை வைத்து ஒன்றாக ஜெபிப்போம், உள்ளத்துக்குள் ஓடும் நுணுக்கமான கருத்துகளில் இடம் விடுவோம். 1549-இல் முதலில் வெளியான அந்த நூலின் பெயரிலேயே ‘பொது’ என்ற சொல் இருக்கிறது. ரிச்சர்டு ஹூக்கர் என்ற இறையியலாளர் இதற்கு அறிவுத்தளம் கட்டினார். வேதம், மரபு, பகுத்தறிவு மூன்றையும் கலந்துதான் ஒரு சபை முடிவுக்கு வர வேண்டும் என்பது அவர் வழியில் வந்த எண்ணம்.

இதைப் பள்ளிக்குள் கொண்டு வைத்துப் பாருங்கள். ஒன்றாக உட்காருவதுதான் முதல் விஷயம், ஒரே மாதிரி நம்புவது அல்ல. பிள்ளையை யாரும் எழுப்பி, நீ விசுவாசிக்கிறாயா என்று கேட்பதில்லை. முந்நூறு, நானூறு பேர் வாரத்தில் சில முறை கைப்பேசி இல்லாமல், மதிப்பெண் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மூச்சு கேட்கும் அளவுக்கு அமைதியாக இருக்கிறார்கள். யாராவது இறந்தால் அங்கேதான் அழுகிறார்கள். நாட்டில் பெரிய துயரம் நடந்தால் அங்கேதான் கூடுகிறார்கள். ஹூக்கர் வழியில் வந்த அந்த மூன்றில் பகுத்தறிவும் ஒன்றாக இருப்பதால் கேள்வி கேட்பதும் பாவமில்லை. ‘சேக்ரட் ஸ்டடீஸ்’ என்ற பெயரில் சில பள்ளிகள் நடத்தும் பாடத்தில் வேதாகமத்தோடு பிற சமயங்களும் தத்துவமும் அறவியலும் உண்டு. பரிணாமக் கொள்கையை உயிரியல் வகுப்பில் தயக்கமில்லாமல் நடத்துவார்கள்.

சாப்பலில் குருவானவர் மட்டும் பேசுவதில்லை. பல பள்ளிகளில் கடைசி ஆண்டு மாணவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மொத்தப் பள்ளியின் முன் நின்று பேசும் வழக்கம் உண்டு. பதினேழு வயதில், தன் பாட்டி இறந்ததையோ, புது நாட்டில் மொழி தெரியாமல் தவித்ததையோ, ஒரு தோல்வியையோ, கேலி செய்வார்களோ என்ற பயத்தைத் தாண்டிச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களும் கேட்கப் பழக வேண்டும். ஒரு பள்ளி கொடுக்கக்கூடிய பயிற்சிகளில் இதைவிடக் கடினமானது எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையின் 1979-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில், ஞானஸ்நான ஆராதனையில் ஒரு கேள்வி வரும். எல்லா மக்களிடையேயும் நீதிக்காகவும் சமாதானத்துக்காகவும் பாடுபட்டு, ஒவ்வொரு மனிதருடைய மாண்பையும் மதிப்பாயா என்பது அதன் கருத்து. தேவனுடைய உதவியோடு அப்படியே செய்வேன் என்று சபை பதில் சொல்லும். இந்தப் பள்ளிகளின் தேசியக் கூட்டமைப்பு தன் அடையாளத்தை விளக்கும்போது இந்த வரியைத்தான் எடுத்து வைக்கிறது. ஆராதனை, சமூக வாழ்வு, சமயக் கல்வி, சமூக நீதி என்ற நான்கும் இருந்தால்தான் எப்பிஸ்கோப்பல் பள்ளி என்பது அவர்கள் கணக்கு. பிற மதப் பிள்ளைகளை ஏன் மதம் மாற்ற முயல்வதில்லை என்பதற்கும் விடை இந்த வரிக்குள்ளேயே இருக்கிறது: ‘ஒவ்வொரு மனிதரும்’ என்று சொன்ன பிறகு, மாற்றிய பிறகுதான் மதிப்பேன் என்று சொல்ல முடியாது.

இந்த மரபு யாரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹவாய் ஒரு சாட்சி. ஹொனலுலுவில் 1863-இல் ஆங்கிலிக்கன் மிஷன் தொடங்கிய இயோலானி பள்ளி இன்று பெரிய எப்பிஸ்கோப்பல் பிரெப் பள்ளிகளில் ஒன்று. 1879-இல் சீனக் கிராமத்திலிருந்து வந்த ஒரு விவசாயி வீட்டுப் பையன் அங்கே சேர்ந்தான். வந்தபோது ஆங்கிலம் தெரியாது. 1882-இல் ஆங்கில இலக்கணத்துக்கு அரசர் கலாகௌவாவின் கையால் பரிசு வாங்கினான். பிற்காலத்தில் சீனக் குடியரசின் முதல் தற்காலிக ஜனாதிபதியான சுன் யாட்-சென் அவர்.

துடைப்பமும் வட்ட மேசையும்

கனெக்டிகட் மாநிலத்தில் 1906-இல் கென்ட் பள்ளியைத் தொடங்கிய ஃபிரெடரிக் சில், ஹோலி கிராஸ் என்ற எப்பிஸ்கோப்பல் துறவறச் சபையைச் சேர்ந்தவர். வெள்ளை அங்கியோடு படகுப் பந்தயத்துக்குப் பயிற்சி கொடுத்த சாமியார். அவர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, பள்ளியைப் பெருக்குவது, பாத்திரம் கழுவுவது, மேசைக்கு உணவு கொண்டுவருவது எல்லாம் மாணவர் வேலை. இரண்டு, பெற்றோரின் வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம். பணக்காரர் அதிகம் கட்டுவார், இல்லாதவர் குறைவாகக் கட்டுவார், ஆனால் இரண்டு வீட்டுப் பிள்ளையின் கையிலும் ஒரே துடைப்பம் இருக்கும். எளிமையான வாழ்வு, தற்சார்பு, நேரான நோக்கம் என்பதே கென்ட் பள்ளியின் வாசகம். இரண்டு காரியங்களும் சேர்ந்தால்தான் அர்த்தம். உதவித்தொகையில் படிக்கிறவன் மட்டும் பாத்திரம் கழுவினால் அது அவமானம்; எல்லாரும் கழுவினால் அது கல்வி.

கிராட்டனில் பீபடி காலத்துப் பையன்களுக்குத் தனி அறை கிடையாது. கதவுக்குப் பதில் திரைச்சீலை தொங்கும் சின்னத் தடுப்பறை, காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளியல். கோடையில் நகரத்து ஏழைப் பையன்களுக்கு நடத்திய முகாமில் மாணவர்கள் போய் வேலை செய்ய வேண்டும், ரூஸ்வெல்ட்டும் போனார். ஹட்சன் நதிக்கரையில் மாளிகை வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர் அவர்.

வர்ஜீனியாவில் 1839-இல் தொடங்கிய எப்பிஸ்கோப்பல் ஹை ஸ்கூலின் பங்களிப்பு நேர்மை விதி. பொய் சொல்ல மாட்டேன், ஏமாற்ற மாட்டேன், திருட மாட்டேன் என்ற உறுதி. மீறியவரை மாணவர்களும் இடம்பெறும் குழு விசாரிக்கும். அதனால் பல இடங்களில் அறைக்குப் பூட்டு இல்லை, தேர்வறையில் மேற்பார்வையாளர் இல்லை. இந்த உறுதியோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: மீறுகிறவரைத் தெரிந்தால் சொல்வேன் என்பது. என்னால் முழுமனதோடு ஏற்க முடியாத பகுதி அது. நண்பனைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் மேல் வைக்கும் பாரம் சாதாரணமானது அல்ல. ஆனால் எல்லாரும் வாய் மூடி இருந்தால் அந்தப் பூட்டில்லாத கதவுகள் ஒரு மாதம்கூடத் தாங்காது என்பதும் உண்மை.

கற்பிக்கும் முறையைப் பற்றியும் ஒன்று. இந்தப் பள்ளிகளின் வகுப்புகளில் நீள்வட்ட மேசை ஒன்றைப் பார்க்கலாம். சுற்றிப் பன்னிரண்டு பேர் அளவில் உட்கார்ந்து, ஆசிரியரும் அவர்களில் ஒருவராக, பாடத்தைப் பேசியே படிப்பார்கள். பின் பெஞ்சு என்று ஒன்று இல்லை. இதற்குக் காரணமான எட்வர்டு ஹார்க்னஸ் 1930-இல் பெரும் நன்கொடை கொடுத்தது எப்பிஸ்கோப்பல் அல்லாத எக்ஸிட்டர் பள்ளிக்கு. ஆனால் அவர் படித்தது செயின்ட் பால்ஸில். ஆசிரியர்களின் வேலையும் வகுப்போடு முடிவதில்லை. காலையில் கணக்கு நடத்துகிறவர் மாலையில் கால்பந்துப் பயிற்சியாளர், இரவில் விடுதியின் பெரியவர். பிள்ளையை மூன்று கோணத்தில் பார்க்கிறவர் எழுதும் சிபாரிசுக் கடிதத்துக்குக் கனம் அதிகம்.

இங்கேதான் ‘கல்லூரித் தயாரிப்பு’ வருகிறது. நம் ஊர் நுழைவுத்தேர்வுப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிராக இருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒற்றைத் தேர்வின் தரவரிசையை வைத்து மட்டும் சேர்ப்பதில்லை. நான்காண்டு மதிப்பெண், எடுத்த பாடங்களின் கடினம், கட்டுரை, ஆசிரியரின் கடிதம், வகுப்புக்கு வெளியே செய்தது எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கிறார்கள். முழு மனிதரை வளர்ப்பேன் என்று சொல்லும் பள்ளியும், முழு மனிதரைத் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்லும் கல்லூரியும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போகின்றன. அதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஏழைகளுக்கான உணவுக்கூடத்தில் பரிமாறும் பிள்ளை, பசித்தவரை நினைத்துப் பரிமாறுகிறதா, விண்ணப்பத்தின் ஒரு வரியை நினைத்தா? ஓய்ந்துபோன சாப்ளின்கள், அதாவது பள்ளியின் குருவானவர்கள், வருஷா வருஷம் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது, இதற்கு விதி போட்டு விடை காண முடியாது.

சொன்னதும் நடந்ததும்

இவ்வளவு உயர்வாகச் சொன்ன பிறகு மறைக்கக் கூடாதவை உண்டு. ‘ஒவ்வொரு மனிதரும்’ என்ற சொல்லுக்குள் யார் யார் என்பதை இந்தப் பள்ளிகள் வெகுகாலம் குறுக்கி வைத்திருந்தன. கிராட்டனில் முதல் கறுப்பின மாணவர் சேர்ந்தது 1950-களின் தொடக்கத்தில்தான், பெண்கள் 1975-இல். செயின்ட் பால்ஸில் பெண்கள் 1971-இல். வர்ஜீனியாவின் எப்பிஸ்கோப்பல் ஹை ஸ்கூலில் 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1963-இல் அட்லாண்டாவில் நடந்தது இன்னும் கசப்பானது. எப்பிஸ்கோப்பல் சபையோடு தொடர்புடைய லவெட் பள்ளிக்கு, மார்ட்டின் லூதர் கிங்கின் மூத்த மகனுக்கு இடம் கேட்டு விண்ணப்பம் போனது. பள்ளி மறுத்தது. சபைக்குள்ளிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. சபையைச் சேர்ந்தவர்கள் பள்ளி வாசலில் மறியல் செய்தார்கள். பள்ளிக்கும் சபைக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. தொடர்பை அறுத்ததால் அந்தச் சிறுவனுக்கு இடம் கிடைத்துவிடவில்லை. ஆனால் ஜெபப் புத்தகமும் சேர்க்கைப் பதிவேடும் ஒன்றையொன்று மறுத்தால், எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வியை அந்தச் சம்பவம் மூடிமறைக்க முடியாதபடி எழுப்பிவிட்டது.

அடுத்த ஆண்டு, 1964 மார்ச்சில், புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் ஒரு விடுதியின் உணவறையில் கறுப்பினத் தோழர்களோடு உட்கார்ந்ததற்காக எழுபத்திரண்டு வயது வெள்ளைக்காரப் பாட்டி ஒருவரைக் கைது செய்து சிறையில் வைத்தார்கள். அவர் மேரி பீபடி. கிராட்டனைத் தொடங்கிய பீபடியின் மருமகள், ஒரு பேராயரின் மனைவி, அப்போது மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தவரின் தாய். மாமனாருடைய பள்ளியின் வாசகத்தை அந்த அம்மா சிறைக்கதவு வரை எடுத்துக்கொண்டு போனார்.

வேறொரு காயமும் உண்டு. செயின்ட் பால்ஸ் பள்ளி ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை 2017-இல் வெளியானது. 1948 முதல் 1988 வரையான காலத்தில் பதின்மூன்று முன்னாள் ஆசிரியர்களும் ஊழியர்களும் மாணவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததை அது உறுதிப்படுத்தியது. பிள்ளைகளோடு சேர்ந்து வாழ்வதுதான் இந்தக் கல்வியின் உயிர் என்று மேலே எழுதினேன். அதே நெருக்கம், கேட்பார் இல்லாவிட்டால், பிள்ளைக்குத் தப்ப வழியில்லாத கூண்டாகிவிடும். ‘கண்காணி’ என்ற சொல்லுக்குக் கவனித்துக்கொள்பவர் என்று பொருள். அந்தக் கண்காணிகளைக் கவனிக்க யாரும் இல்லாமல் போனது. அதனால் இன்று இப்படிப்பட்ட பள்ளியைப் பற்றி விசாரிக்கும் பெற்றோர், சாப்பல் எப்படி என்று கேட்கும் அதே மூச்சில், பிள்ளை புகார் சொல்ல வேண்டுமானால் பள்ளிக்கு வெளியே யாரிடம் சொல்லலாம் என்பதையும் கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரிய விடுதிப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 60,000 டாலரைத் தாண்டுவது இன்று சாதாரணம். பழைய மாணவர்களின் நன்கொடையால் சேர்ந்த மூலதன நிதியின் வருமானத்திலிருந்து பலருக்குத் தேவையறிந்து சலுகை தருகிறார்கள். டெலவேரில் 1929-இல் வேதிப்பொருள் தொழிலதிபர் டூபான்ட் குடும்பத்துப் பணத்தில் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளி, வசதி இல்லாதவருக்கும் எட்டும்படி செலவைக் குறைத்து நடத்துவதைத் தொடக்கத்திலேயே நோக்கமாக வைத்தது. எல்லாப் பள்ளியும் அவ்வளவு தூரம் போகவில்லை.

பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில் சிலர் இந்தப் பள்ளிகளைப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் தினமும் விளக்கேற்றுகிறோம், பிள்ளையைச் சாப்பலுக்கு அனுப்பலாமா என்ற தயக்கம் இயல்பு. தரவரிசைப் பட்டியலை வைத்து முடிவு செய்யாமல், ஒரு சாதாரண வாரநாளில் நேரில் போய்ப் பாருங்கள். சாப்பலில் பின்வரிசையில் உட்காருங்கள். பாடலில் பிள்ளைகளின் குரல் கேட்கிறதா, ஆர்கன் மட்டும் கேட்கிறதா என்று கவனியுங்கள். மத்தியானச் சாப்பாட்டில் ஆசிரியர்கள் தனி மேசையில் இருக்கிறார்களா, பிள்ளைகளோடா என்று பாருங்கள். தீபாவளியோ ரமலானோ வந்தால் பள்ளி என்ன செய்கிறது என்று சாப்ளினிடமே கேளுங்கள். சங்கடப்பட மாட்டார்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவர்கள் வேலை.

நற்கருணை ஆராதனை நாளில் என்ன செய்வது என்பது பிள்ளைகளுக்கே முதலில் எழும் சந்தேகம். அதில் பகிரும் அப்பமும் திராட்சரசமும் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு. மற்றவர்கள் இருக்கையிலேயே அமைதியாக இருக்கலாம். போக விரும்பினால் நண்பர்களோடு வரிசையில் சென்று, இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு நிற்கலாம். குருவானவர் அப்பத்தை நீட்டாமல், ஒரு ஆசீர்வாதம் சொல்லி அனுப்புவார்.